ஜெபத்தில் சொன்ன குறை

டாக்டர் சம்பந்தம் ரத்தினபாயின் குரலைத்தான் முதலில் கேட்டான். முகத்தைப் பார்த்தது அதற்கப்புறம்.

தாம்பரம் தாண்டி ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அறுபத்தாறாம் வருஷம். காலையில் வார்டுக்குப் போகும் முன் டாக்டர், நர்ஸ், ஆயா, தோட்டக்காரர் என்று எல்லாரும் ஜெபக்கூடத்தில் கூட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நெற்றியில் விபூதி இட்டவனானாலும் வந்து கண்ணை மூடி நிற்க வேண்டியதுதான். சம்பந்தமும் நின்றான். உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன், அதுவும் எம்.பி.பி.எஸ். வாங்கியவன். ஊர்க் கோயிலில் பரிவட்டம் கட்டித்தான் அவனை அனுப்பிவைத்திருந்தார்கள். அந்த மிடுக்கு உடம்பில் இன்னும் இருந்தது.

கண்ணை மூடியிருந்தபோது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பிற்று. மெல்லிய குரல், தெற்கத்திச் சாயல்.

“கர்த்தாவே, எங்களிடம் புதிதாக அனுப்பியிருக்கிற இளம் வைத்தியருக்காக ஸ்தோத்திரம். அவருடைய ஞானத்தை ஆசீர்வதியும். அவர் எழுதுகிற மருந்துச் சீட்டை எங்கள் பிள்ளைகள் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி, அவருடைய விரல்களுக்குத் தெளிவைக் கட்டளையிடும்.”

சம்பந்தம் படக்கென்று கண்ணைத் திறந்தான். மற்ற எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஆனால் பாதிப் பேர் உதட்டில் சிரிப்பு. “ஆமென்” வந்தபோது அவன் காது சிவந்துவிட்டது.

வெளியே ஸ்ட்ரெச்சர் தள்ளும் சவுரிமுத்து காத்திருந்தார். “இன்னா சார் முயிக்கிறீங்க? மொத வாரமே உங்க ரிப்போர்ட்டு மேல பூட்சா?”

“யாருய்யா அது?”

“டியூட்டர் சிஸ்டரு. ரத்தினபாயம்மா. நர்ஸ் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறவங்க. அவுங்க யாரையும் ஒரு வார்த்த திட்ட மாட்டாங்க சார். சாமியாண்ட சொல்லிடுவாங்க, அவ்ளோதான்.”

படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தார் ரத்தினபாய். ஒல்லியான உடம்பு, நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. அவனைப் பார்த்து முகம் நிறையச் சிரித்து, “குட் மார்னிங் டாக்டர், சாப்பாடெல்லாம் ஒத்துக்கிடுதா?” என்று கேட்டார். கையெழுத்தைப் பற்றி மூச்சு இல்லை. கோபப்பட நினைத்தவனுக்கு அந்தச் சிரிப்புக்கு எதிரே கோபம் வரவில்லை.

போகப் போகத்தான் அவர் கதை அவனுக்குத் தெரியவந்தது. நாசரேத்துப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ் படிப்புப் படித்தபோது அங்கே மேட்ரனாக இருந்த வெள்ளைக்காரம்மாளுக்கு நாக்கு சவுக்கு மாதிரி. ஒரு நாள் ரத்தினபாய் ஊசிகளைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் எடுத்துவிட்டார். அந்தத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வார்டின் நட்டநடுவில், நோயாளிகளும் அவர்களுடைய சொந்தபந்தங்களும் பார்க்க, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நிற்கவைத்தாராம் அந்த அம்மாள்.

“ஒரு கிழவி என்னைப் பாத்து உச்சுக் கொட்டிச்சு டாக்டர். அதுதான் தாங்க முடியலை” என்று ஒருமுறை சொன்னார். “நான் டியூட்டரா வந்தா எந்தப் பிள்ளையையும் முகத்துக்கு முன்னால நோகடிக்க மாட்டேன்னு அன்னைக்கே ஆண்டவருக்குச் சொல்லிட்டேன்.”

சொன்னதைக் காப்பாற்றினார். படிக்கிற பெண்களில் யார் எந்தத் தப்புச் செய்தாலும் அவர் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வராது. மறுநாள் காலை ஜெபத்தில் மட்டும் அது வரும். பேர் வராது. “கட்டுப் பிரிக்கும்போது கை கழுவ மறந்த மகளுக்காக”, “பெரியவர்களை நீ என்று பேசிய நாவுக்காக” என்று வரும். யார் என்று எல்லாருக்கும் தெரியும். பெண்கள் விடுதியில் இதை வைத்து ஒரே கேலி. “இன்னிக்கு யார் பேருடி மோட்சத்துக்குப் போச்சு?” என்று காலைக் கஞ்சியோடு கேட்டுக்கொள்வார்கள். அவர் மேல் அவர்களுக்குப் பிரியமும் உண்டு. வேறு இடங்களில் டியூட்டர்கள் கிள்ளுவார்கள், ஸ்கேலால் முட்டியில் அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். இங்கே அடி இல்லை, வசவு இல்லை. அதனால் அந்த வழக்கத்தில் ஏதும் கோளாறு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சம்பந்தத்துக்கும் தோன்றவில்லை. அவனே அதற்குள் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருஷம் கழித்து வந்த புது வகுப்பில் செல்வமேரி என்று ஒரு பெண் சேர்ந்தாள். பல்லாவரம் மலையடிவாரத்துக் குடிசைப் பகுதி. அப்பா அந்தோணிசாமி கல் குவாரியில் வேலை. வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் அவள்தான். அதைக் கேட்டதும் சம்பந்தத்துக்கு அவள் மேல் தனியாக ஒரு அக்கறை உண்டாயிற்று. முதல் ஆளாகப் படிக்க வருவது எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். கூடப் படிப்பவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்துவிட்ட சின்னச் சின்ன விஷயம் நமக்குத் தெரிந்திருக்காது. கேட்டால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு, தெரிந்த மாதிரியே தலையாட்டிவிட்டு வருவோம்.

முதல் ஆறு மாதம் அந்தப் பெண்களுக்குச் சோதனைக் காலம். அது முடிந்ததும் தொப்பி சூட்டும் விழா. வெள்ளைத் தொப்பி தலையில் ஏறினால்தான் நர்ஸ் மாணவி. ஏறாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. தொப்பிக்குச் சிபாரிசு செய்கிறவர் ரத்தினபாய். செல்வமேரியின் அப்பா விழாவுக்காக வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டதாகச் சவுரிமுத்து சொன்னார். அவருக்கு அந்தோணிசாமியைத் தெரியும். இரண்டு பேரும் ஒரே கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவர்கள்.

விழாவுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது செல்வமேரியைப் பெண்கள் காசநோய் வார்டில் காய்ச்சல் பார்க்கும் வேலைக்குப் போட்டார்கள். சாயங்காலக் காய்ச்சல்தான் அந்த நோய்க்கு முக்கியம். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்துத்தான் மருந்தை முடிவு செய்வார்கள். ஒரு நாள் சார்ட்டைப் பார்த்துக்கொண்டு வந்த சம்பந்தத்துக்கு ஏதோ இடறிற்று. அவள் எழுதிய சாயங்காலக் கணக்கெல்லாம், இரவு நர்ஸ் எழுதியதைவிடக் குறைவாகவே இருந்தது. அதுவும் 99.1, 98.3 என்று எழுதியிருந்தாள். அந்த ஆஸ்பத்திரித் தெர்மாமீட்டரில் ஒரு டிகிரிக்கும் அடுத்த டிகிரிக்கும் நடுவில் நாலே சின்னக் கோடுகள். ஒவ்வொன்றும் இரண்டு புள்ளி. இரண்டு, நாலு, ஆறு, எட்டு என்றுதான் வரும். ஒன்றும் மூன்றும் வரவே வராது.

ரத்தினபாயிடம் காட்டினான்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. “இல்லாத கோட்டை எழுதியிருக்காளே டாக்டர். தெர்மாமீட்டரை வாயில வைக்காமலே உக்காந்து எழுதிருக்கா.”

“அப்படித்தான் தோணுது சிஸ்டர். கூப்பிட்டுக் கேளுங்களேன்.”

“ம். நான் பாத்துக்கிடுதேன்.”

மறுநாள் ஜெபத்தில் வந்தது. “பார்க்காததைப் பார்த்ததாக எழுதுகிற கையை மன்னியும் கர்த்தாவே. பொய்யின் ஆவியை எங்கள் நடுவிலிருந்து அகற்றும்.”

ஆமென் சொல்லிக் கண் திறந்த பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அந்த வாரம் பெண்கள் வார்டில் சாயங்காலக் காய்ச்சல் எழுதியது ஒருத்திதான். செல்வமேரி சிலுவை போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே போனாள்.

அன்றைக்கு அவள் தோழியிடம் சொன்ன ஒரு வார்த்தை ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றி வந்தது. “எங்க கோயில்ல அவங்கவங்க பாவத்த அவங்கவங்களே சாமியார் காதுல ரகசியமா சொல்லுவோம். இங்க நம்ம பாவத்த வேற ஒருத்தர் ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றாங்கடி.” சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். கேட்டவர்களும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் அவள் வேலையில் வேகம் குறைந்தது. ஒரு நோயாளியிடம் ஐந்து நிமிஷம் நின்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்பவும் வாயில் வைத்துப் பார்த்தாள். ஆனால் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது. 98.3. 99.1. இன்னொரு தடவை ஜெபம் வந்தது, “எச்சரித்தும் மனந்திரும்பாத இருதயத்துக்காக” என்று. விடுதியில் அவள் பக்கத்துக் கட்டில்காரி தன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டாள்.

ஒரு மத்தியானம் வார்டை ஒட்டிய சின்ன அறையில் சம்பந்தம் கேஸ் எழுதிக்கொண்டிருந்தான். ரத்தினபாய் அலமாரியில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் செல்வமேரி வந்து நின்றாள்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“நான் இன்னா சிஸ்டர் தப்பு பண்ணேன்?” அவசரத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. திருத்திக்கொண்டாள். “என்ன தப்புன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிக்குவேன்.”

சம்பந்தத்தின் பேனா நின்றது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தான். ரத்தினபாயின் கையிலிருந்த பாட்டில் இன்னொரு பாட்டிலில் பட்டுக் கிணுங்கியது. அவர் திரும்பி, அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டார்.

“ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தானே செய்யுதே. இன்னும் கொஞ்சம் கவனமா இரு. நல்லா ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாப் போகும்.”

“காய்ச்சல் பாக்கறதுலயா சிஸ்டர்?”

“எல்லாத்துலயும்தாம்மா. போ, சாப்பிட்டுட்டு வா.”

அந்தப் பெண் சம்பந்தத்தை ஒரு தரம் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கலாமா என்று யோசித்தான். டியூட்டர் இருக்கும்போது டாக்டர் நடுவில் புகுவது மரியாதை இல்லை என்று அங்கே ஒரு முறை இருந்தது. யோசித்து முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

தொப்பி சூட்டும் விழாவுக்குப் போன பெயர்களில் அவள் பெயர் இல்லை. அதையும் ரத்தினபாய் நேரில் சொல்லவில்லை. விழாவுக்கு முந்தின ஒத்திகையில் வரிசையாக நிற்கவைத்தபோது, அவளுக்கு மட்டும் நிற்க இடம் இல்லாமல் போயிற்று. அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார் அந்தோணிசாமி. விழாவுக்கு இல்லை, பெட்டியை எடுத்துப்போக. சவுரிமுத்து அவரிடம் கெஞ்சினார். “கேட்டுப் பாக்கலாம்பா, இன்னொரு ஆறு மாசம் இருக்கட்டும், அடுத்த தபா குடுத்துடுவாங்க.”

“எம் பொண்ணு பொய்க்காரின்னு சொல்ற எடத்துல எதுக்குபா இருக்கணும்? கல்லு ஒடைக்கிறவன் வூட்டுப் பொண்ணுதான். பொய் சொன்னது கெடையாது.” அவ்வளவுதான் பேசினார். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். செல்வமேரி இரண்டடி பின்னால் போனாள்.

அதிலிருந்து ஒரு மாதம் கழித்துப் பெண்கள் வார்டில் திரிபுரசுந்தரி என்ற நோயாளி சம்பந்தத்தைப் பிடித்துக்கொண்டார். வாய்க் கொழுப்பு உள்ள அம்மாள். வருஷம் ஒன்றாக அதே கட்டில்.

“அந்தப் பொண்ணு எங்க டாக்டர்? இப்ப வர்றவ குச்சிய வெச்சா, எடுத்தா, ஓடிட்டா. காய்ச்சல் இவளுக்கா எனக்கான்னே தெரியலை. அவ பாவம், ஒரு ஒரு கோடா எண்ணுவா.”

“எப்படி எண்ணுவா?”

“வாய்விட்டுத்தான். எனக்கே மனப்பாடம். தொண்ணூத்தெட்டு, அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு. ‘அம்மா, உங்களுக்குத் தொண்ணூத்தெட்டு புள்ளி மூணு’ம்பா. சின்னப் பிள்ளைங்க ஸ்கேல்ல கோடு எண்ணுமே, அது மாதிரி.”

சம்பந்தம் அந்த அம்மாளின் தலைமாட்டுக் குவளையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். தொண்ணூற்றெட்டைத் தாண்டி மூன்றாவது கோடு. அது தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. கோட்டுக்கு ஒரு புள்ளி என்று எண்ணினால் புள்ளி மூன்று. பள்ளிக்கூட ஸ்கேலில் அப்படித்தானே?

அவள் ஒரு தடவைகூடப் பார்க்காமல் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதியிருந்தாள்.

ரத்தினபாய் வகுப்பறையில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் சொன்னதும் முதலில், “இருக்காது டாக்டர். நான் வகுப்புல சொல்லிக்குடுத்தேனே. தெர்மாமீட்டரைக் கை மாத்திக் கை மாத்தி எல்லாரும் பாத்தாங்க. புரிஞ்சுதான்னு கேட்டேன். புரிஞ்சுது சிஸ்டர்னு சொன்னாங்க” என்றார்.

“அவளையும் கேட்டீங்களா?”

“எல்லாரையும்தான் கேட்டேன்.”

“தனியா அவளை வாசிக்கச் சொன்னீங்களா சிஸ்டர்?”

ரத்தினபாய் அலமாரியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார். கோடுகளை ஒவ்வொன்றாக, விரல் நகத்தால் தொட்டு எண்ணினார். பிறகு பெண்கள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பக்கத்துல நின்னு, இதை வாசி பிள்ளே, நான் கேக்கேன்னு ஒரு வார்த்தை. ஒரு நிமிஷ வேலை” என்றார். “அவ வந்து நின்னாளே டாக்டர். நீங்களும் இருந்தீங்களே. வந்து நின்னு கேட்டாளே.”

“ஆமா சிஸ்டர்.”

“அந்த மேட்ரன் என்னை அடிக்காத குறையாத் திட்டுனா. ஆனா ஊசி எத்தனை நிமிஷம் கொதிக்கணும்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் இந்தப் பிள்ளையைத் திட்டவும் இல்ல, சொல்லவும் இல்ல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் மின்சார ரயிலில் பல்லாவரம் போனார்கள். சவுரிமுத்து வழி காட்டினார். குவாரிக்குப் போகும் செம்மண் பாதையில், கூரை மேல் வெள்ளைத் தூள் படிந்த வீடு. செல்வமேரி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். கை மணிக்கட்டுவரை மஞ்சளும் பழுப்புமாகச் சாயம் ஏறியிருந்தது. தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் வேலைக்குப் போகிறாளாம்.

“வாங்க சிஸ்டர். வாங்க டாக்டர்.” ஸ்டூல் எடுத்துப் போட்டாள். முகத்தில் கோபம் இல்லை. அதுவே ரத்தினபாய்க்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். உட்காராமல் நின்றபடியே சொன்னார். ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளி என்பதையும், அதைத் தான் வாசிக்க வைத்துப் பார்க்காததையும், பொய் எழுதினாள் என்று நினைத்துவிட்டதையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். முகத்துக்கு நேரே ஒருவரிடம் கசப்பான விஷயம் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அந்தக் கசப்பு அவருடையதாகவே இருந்தும் வார்த்தை திக்கிற்று.

செல்வமேரி பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“ரெண்டு புள்ளியா?” என்றாள். “ஓ. அதான் நைட் சிஸ்டர் எழுதுறது எப்பவும் ஜாஸ்தியா இருந்துதா. ராத்திரி காய்ச்சல் ஏறுதுன்னு நெனச்சேன்.” அடுத்த துணியைப் பிழிந்தபடியே, “நான் வேற என்னென்னமோ தப்புன்னு நெனச்சுகினு இருந்தேன் சிஸ்டர். தெர்மாமீட்டர சரியா உதறலையோ, நாக்குக்குக் கீழ வைக்கலையோன்னு. ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பாத்தேன்” என்றாள்.

“திரும்பி வா செல்வமேரி. நான் நம்ம ஆஸ்பத்திரி மேட்ரன்கிட்ட பேசிட்டேன். அடுத்த வகுப்போட சேந்துக்கிடலாம். நீ பொய் சொல்லலைன்னு நான் எல்லாருக்கும் சொல்லுதேன்.”

“எப்படி சிஸ்டர் சொல்லுவீங்க? இன்னொரு ஜெபத்துலயா?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அறிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. ரத்தினபாய் அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஜெபத்துக்கு நடுவுல கை தூக்கி, இல்ல சிஸ்டர் நான் பாத்துட்டுத்தான் எழுதினேன்னு சொல்ல முடியுமா? சாமிகிட்டப் பேசறப்ப குறுக்க பேசக் கூடாதே. அதான் நேர்ல வந்து கேட்டேன். நல்லாத்தான் செய்யறன்னு சொல்லி அனுப்பிட்டீங்க.” கொடியில் துணியை நீவிவிட்டாள். “எனக்கு வேணாம் சிஸ்டர். இங்க மேஸ்திரி கத்துவாரு. கெட்ட வார்த்தகூட வரும். ஆனா எந்தத் தோலுல எங்க கிழிச்சேன்னு கையில புடிச்சுக் காட்டிடுவாரு. அன்னிக்கே தெரிஞ்சுடும். ராத்திரி நிம்மதியாத் தூங்கறேன்.”

சம்பந்தம் தன் பங்குக்கு எடுத்துச் சொன்னான். முதல் ஆளாகப் படிப்பதன் கஷ்டம் தனக்கும் தெரியும், இதற்காக விட்டுவிடக் கூடாது என்றான். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். காப்பி கொடுத்தாள். வருவதாகச் சொல்லவில்லை. வரவும் இல்லை.

ரயிலில் திரும்பும்போது, தாம்பரம் ஸ்டேஷனில் இறங்குகையில் ரத்தினபாய், “நான் நல்லவளா இருக்கணும்னே பாத்துட்டேன் டாக்டர்” என்றார்.

மறுநாள் ஜெபக்கூடத்தில் அவர் எழுந்து நின்றார். கண்ணை மூடச் சொல்லவில்லை. கண் திறந்திருந்த எல்லார் முன்னாலும், செல்வமேரி செய்தது பொய் இல்லை, தான் செய்ததுதான் தவறு என்று சொல்லி உட்கார்ந்தார். சிலர் அழுதார்கள். செல்வமேரி அப்போது ஷெட்டில் தோல் அலசிக்கொண்டிருந்திருப்பாள்.

அதன் பின் அவர் ஜெபத்தில் யாருடைய குறையையும் சொன்னதில்லை. பெண்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து, “செஞ்சு காட்டு, எப்படிச் செய்யுதேன்னு வாயால சொல்லு” என்பார். பிறகு எது சரி, எது சரியில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்வார். அது அவருக்குச் சுலபமாக வரவில்லை. சொல்லும் முன் தொண்டையைச் செருமுவார். சில சமயம் தேவைக்கு மேல் கடுமையாகச் சொல்லிவிட்டு அன்று முழுவதும் வருந்துவார். பெண்களுக்கும் முதலில் பிடிக்கவில்லை. “முன்னால சாமிகிட்டச் சொல்லிட்டு விட்டுடுவாங்க. இப்போ நேரா மூஞ்சிக்கே வருது” என்று முணுமுணுத்தார்கள். பழைய பிரியத்தில் பாதி போய்விட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாத மாதிரி இருந்தார். பொருட்படுத்தினார் என்று சம்பந்தத்துக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வருஷம் தவறாமல் பல்லாவரம் போய் ஒரு கேக்கைக் கொடுத்துவிட்டு வருவார். செல்வமேரி வாங்கிக்கொள்வாள், காப்பி கொடுப்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

ரத்தினபாய் எழுபத்தைந்தாம் வருஷம் ஓய்வு பெற்றார். நாசரேத்துக்குத் திரும்பவில்லை. செலையூரில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். செல்வமேரி குரோம்பேட்டையில் குடும்பத்தோடு இருக்கிறாள். இன்னும் தோல் ஷெட்டுக்குத்தான் வேலைக்குப் போகிறாள்.